அன்றாட வாழ்வும் உடனடிப் புகைப்படமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அரசர்களின் செயல்களை நமக்கு எடுத்துரைக்கின்றன. எந்த மன்னன் எந்தக் கோவிலுக்கு எத்தனை விளக்குகள் அளித்தான் என்பதை நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் அந்த விளக்குக்குத் திரி திரித்த பெண்ணின் முகம் எப்படி இருந்தது? அவள் எந்தத் திண்ணையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்தாள்? இவற்றைச் சொல்லக் கல்வெட்டு இல்லை. எளிய மக்களின் அன்றாட வாழ்வு பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்து போகிறது.

இக்குறையைப் போக்க வந்த கருவிகளுள் ஒன்று காமிரா. அதிலும், படம் எடுத்த சில நிமிடங்களில் அச்சிட்ட படத்தையே கையில் தந்துவிடும் உடனடிக் காமிராவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது எப்படித் தோன்றியது, எவ்விதம் வேலை செய்கிறது, நம் வீட்டையும் நம் அன்புக்குரியவர்களையும் ஆவணப்படுத்த அது எவ்வாறு உதவும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழகத்திற்குக் காமிரா வந்த கதை

1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. ஒரு முறை எடுத்தால் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். பின்னர் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் நெகட்டிவ் முறையைக் கண்டறிந்தார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இக்கலை சென்னை மாகாணத்தை எட்டிவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்து, 1858-இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் முதலிய ஊர்களின் கோவில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். இன்றும் அப்படங்களைப் பார்த்து வியக்கிறோம். ஆனால் அவற்றில் கோபுரங்களே நிறைந்திருக்கின்றன. அடுப்படியையோ தொட்டிலையோ அவற்றில் தேடினால் கிடைக்காது.

அதன்பின் ஸ்டூடியோக்கள் வந்தன. பட்டுப் புடவை உடுத்தி, வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள் நம்மில் பலர் வீட்டில் இருக்கக்கூடும். இத்தகைய தமிழக ஸ்டூடியோப் படங்கள் அழிந்து போகாமல் இருக்க, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிச் சேகரித்து, இலக்க முறையில் படியெடுத்து, இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் வழியாகப் பாதுகாத்துள்ளனர். சாதாரணக் குடும்பங்களின் படங்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

புகைப்படச் சுருள் தயாரிப்பிலும் நம் மாநிலத்திற்கு ஓர் இடம் உண்டு. உதகமண்டலத்தில் 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிம், புகைப்படத் தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே பிலிம் ஆகியவை அங்கே தயாராயின. ‘இந்து’ என்ற பெயருடைய அந்தப் பிலிமை நம் பெற்றோரும் தாத்தாமாரும் அறிவர். இலக்கமுறைக் காமிராக்கள் பெருகிய பின் அத்தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டுவிட்டது.

ஒரு சிறுமி கேட்ட கேள்வி

உடனடிப் புகைப்படம் பிறந்ததற்குக் காரணம் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? எட்வின் லேண்ட் அமெரிக்க விஞ்ஞானி. 1937-இல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். 1943-ஆம் ஆண்டு விடுமுறைக்காகச் சாந்தா ஃபே என்னும் ஊருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தார். அங்கே தம் மகள் ஜெனிஃபரைப் படம் எடுத்தார். “அந்தப் படத்தை நான் ஏன் இப்பொழுதே பார்க்க முடியாது?” என்று குழந்தை கேட்டாள்.

அந்நாளில் பிலிமைக் கழுவி அச்சிட்டு வாங்கப் பல நாட்கள் ஆகும். பெரியவர்கள் அனைவரும் அதை இயல்பென ஏற்றுக்கொண்டிருந்தார்கள். குழந்தை அப்படி ஏற்கவில்லை. லேண்ட் அக்கேள்வியை அலட்சியம் செய்யாமல், அன்றே நடந்தவாறு சிந்திக்கத் தொடங்கினார். 1947 பிப்ரவரி 21-ஆம் நாள் நியூயார்க் நகரில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் தம் முறையைச் செய்து காட்டினார். 1948 நவம்பர் 26-இல் பாஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் உடனடிக் காமிராக்கள் விற்பனைக்கு வந்தன. விலை 89 டாலர் 75 சென்ட். அன்று கடைக்குக் கொண்டுவந்த காமிராக்கள் எல்லாம் அன்றே விற்றுத் தீர்ந்தன.

முதலில் வந்தவை பழுப்பு நிறப் படங்கள். பிறகு கறுப்பு வெள்ளையும், 1963-இல் வண்ணப் பிலிமும் வந்தன. கறுப்பு வெள்ளைப் பிலிம் ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்தியவர் மெரோ மோர்ஸ் என்னும் பெண்மணி. அவர் கல்லூரியில் படித்தது வேதியியல் அன்று, கலை வரலாறு! ஆர்வமும் உழைப்பும் இருந்தால் பெண்கள் எத்துறையிலும் தலைமை ஏற்கலாம் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. 1972-இல் வெளிவந்த ‘எஸ்.எக்ஸ்.-70’ என்னும் காமிராவில் தாளை உரிக்கும் வேலையும் இல்லாமல் போயிற்று. பொத்தானை அழுத்தினால் படம் தானே வெளியே வந்து, வெளிச்சத்திலேயே கண்முன் மலர்ந்தது.

இலக்கமுறைக் காமிராக்கள் வந்ததும் இத்தொழிலும் சரிந்தது. போலராய்டு நிறுவனம் 2001-இல் நொடித்தது. உடனடிப் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக 2008-இல் அறிவிப்பு வந்தது. ஆனால் நெதர்லாந்திலுள்ள ஒரு போலராய்டு தொழிற்சாலையை, அங்கு வேலை பார்த்தவர்கள் சிலரும் ஆர்வலர்களும் சேர்ந்து காப்பாற்றி, 2010-இல் மீண்டும் பிலிம் வெளியிட்டனர். ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 1998 முதல் ‘இன்ஸ்டாக்ஸ்’ என்ற உடனடிக் காமிராக்களைத் தயாரித்து வருகிறது. இன்று நம் ஊர்க் கடைகளில் நாம் காணும் சிறு வண்ணக் காமிராக்கள் பெரும்பாலும் இவையே.

தாளுக்குள் ஓர் இருட்டறை

இனி, இப்படம் எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளிச்சிதைவு வினையைப் படிக்கிறோம். வெள்ளி புரோமைடின் மீது ஒளி படும்போது அது சிதைந்து வெள்ளி உண்டாகிறது. புகைப்படக் கலை முழுவதும் வெள்ளி உப்புகளின் இக்குணத்தை அடிப்படையாகக் கொண்டதே.

பழைய முறையில் பிலிமை இருட்டறைக்கு எடுத்துச் சென்று, பல வகை நீர்மங்களில் கழுவ வேண்டும். உடனடிப் பிலிமில் அந்த இருட்டறை தாளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. போலராய்டு வண்ணத் தாளில் ஒன்றன்மீது ஒன்றாகப் பல மெல்லிய அடுக்குகள் உள்ளன. நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளுக்கு இசையும் மூன்று அடுக்குகளும், ஒவ்வொன்றுக்கும் துணையாக முறையே மஞ்சள், கருஞ்சிவப்பு, வெளிர்நீலச் சாய அடுக்குகளும் இருக்கின்றன. படத்தின் கீழே அகலமான வெள்ளைப் பட்டை இருக்கிறதல்லவா? அது அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. அதனுள் காரத்தன்மையுள்ள பசை நிறைந்த சிறு பை இருக்கிறது. தாள் வெளியே வரும்போது இரண்டு உருளைகளுக்கு இடையே நசுங்குவதால் அப்பை உடைந்து, பசை தாள் முழுவதும் சமமாகப் பரவுகிறது.

ஒளி பட்ட இடத்தில் அதற்குரிய சாயம் பிடிபட்டு நின்றுவிடுகிறது. ஒளி படாத இடத்தில் சாயம் விடுபட்டு மேலடுக்குக்கு நகர்ந்து உருவமாகிறது. பசையிலுள்ள டைட்டேனியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொருள் படத்துக்கு வெண்மையான பின்னணியைத் தருகிறது. உருவம் முழுமையடையும் வரை வெளி ஒளி உள்ளே புகாதபடி ஒரு நிறப்பொருள் திரைபோல் காக்கிறது. வேலை முடிந்ததும் அது நிறமிழந்து தெளிந்துவிடுகிறது. இன்ஸ்டாக்ஸ் படம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் தெரியும். போலராய்டு வண்ணப் படத்துக்குக் கால் மணி நேரம் வரை ஆகும்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இங்கே தனி நெகட்டிவ் கிடையாது. தாகேரின் தகட்டைப் போலவே இதுவும் உலகில் ஒன்றே ஒன்று. யாருக்காவது கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான்.

நாளுக்கு ஒரு படம்

உடனடிக் காமிராவால் ஒரு முழு வாழ்க்கையையே ஆவணப்படுத்தியவர் அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன். கல்லூரி மாணவராக இருந்தபோது, 1979 மார்ச் 31-இல் எஸ்.எக்ஸ்.-70 காமிராவால் நாளுக்கு ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். நன்றாக வராவிட்டாலும் இரண்டாவது கிடையாது. நண்பர்கள், உணவு மேசை, தெரு, மழை, பிறந்தநாள் என்று கண்ணில் பட்ட வாழ்வெல்லாம் அதில் பதிந்தது. பதினெட்டு ஆண்டுகள் இது தொடர்ந்தது. பின்னர் அவர் நோயுற்றார். மருத்துவமனை நாட்களும் படங்களாயின. 1997 அக்டோபர் 25-ஆம் நாள், தமது 41-ஆவது பிறந்தநாளில் அவர் இறந்தார். அன்றோடு படங்களும் நின்றன. அவர் விட்டுச் சென்றவை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. நண்பர்கள் அவற்றை வரிசைப்படுத்தி, 2007-இல் அவர் படித்த கல்லூரியிலேயே கண்காட்சியாக வைத்தனர்.

தனித்தனியே பார்த்தால் அவற்றில் பல சாதாரணப் படங்கள். வரிசையாகப் பார்த்தால் ஒரு மனிதன் வாழ்ந்த வாழ்வு தெரிகிறது. நாளேடு எழுதுவது போன்ற ஒழுங்கே அவற்றுக்கு அந்த மதிப்பைத் தந்தது.

ஒரே கருவி, இரு பயன்

எந்தக் கருவியும் நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், பதினாறு வயது நிறைந்த கறுப்பின மக்கள் எங்கு சென்றாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அப்புத்தகத்துக்கு உரிய படங்களை விரைவாக எடுக்கப் போலராய்டு கருவிகள் பயன்பட்டன. அந்நிறுவனத்திலேயே வேதியியலாளராகப் பணிபுரிந்த கறுப்பினப் பெண் கரோலின் ஹன்டர் 1970-இல் இதை அறிந்தார். அவரும் உடன் பணிபுரிந்த கென் வில்லியம்சும் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினர். ஹன்டர் வேலை இழந்தார்; ஆனாலும் சோர்ந்துவிடவில்லை. 1977-இல் போலராய்டு நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

ஒரு தந்தை தம் மகளின் ஆசைக்காகச் செய்த கருவி, வேறோரிடத்தில் மக்களை அடக்கும் கருவியானது. யார் எடுக்கிறார், யாருக்காக எடுக்கிறார், எடுக்கப்படுபவரின் சம்மதம் இருக்கிறதா என்பவையே ஒரு படம் நல்லதா அல்லவா என்பதைத் தீர்மானிக்கின்றன.

பத்துத் தாள்களில் ஒரு வீடு

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவான பின், பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து இப்பகுதியில் குடியேறின. எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவரே. முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தார். இன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாலையுடன் இருக்கும் அவர் படம், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டது. அதில் அவர் யாருக்கோ பயந்தவர் போல் விழித்துக்கொண்டிருக்கிறார். தாத்தா சிரித்தால் எப்படி இருப்பார் என்பது என் தம்பிக்குத் தெரியாது. என் வகுப்பில் விசாரித்தேன். பலருடைய வீட்டிலும் இதே கதைதான். பெரியவர் மறைந்த பிறகே, “ஒரு நல்ல போட்டோ இருக்கிறதா?” என்று வீடெல்லாம் தேடுகிறார்கள்.

துபாயிலிருந்து வந்த மாமா எனக்கு ஓர் உடனடிக் காமிராவும் பத்துத் தாள் கொண்ட ஒரு பிலிம் பெட்டியும் கொடுத்தார். ஒரு தாளின் விலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அரிசி வாங்கலாம். ஆகவே பத்துத் தாள்களில் எங்கள் வீட்டை ஆவணப்படுத்துவது என்று திட்டமிட்டேன். ஒரு மாத காலம் எடுத்துக்கொண்டேன். யாரையும் தலை வாரி வரச் சொல்வதில்லை, செய்யும் வேலையை நிறுத்தச் சொல்வதில்லை, கேட்காமல் எடுப்பதில்லை என்று மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். எடுத்த படங்களின் விவரம் பின்வருமாறு:

1. பாட்டி வாசற்படியில் அமர்ந்து முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குகிறார். மாலை நான்கு மணி, தெருப்பக்க வெளிச்சம்.

2. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மா மூன்று டிபன் பாக்ஸ்களை வரிசையாக வைத்துக் கட்டுகிறார். அதன்பின் அம்பத்தூர் நிலையத்துக்கு ஓடி ரயில் பிடிக்க வேண்டும். “இந்தக் கோலத்திலயா?” என்று முதலில் மறுத்தார். இந்தக் கோலத்தில்தான் எங்களைத் தினமும் வளர்க்கிறார் என்று சொன்னேன். சம்மதித்தார்.

3. இரவு ஷிப்டுக்குப் புறப்படும் அப்பா காலணியைக் கட்டுகிறார். முகம் குனிந்திருக்கிறது. ஆனாலும் அது அப்பாதான் என்று முதுகே சொல்கிறது.

4. தம்பி கணக்கு நோட்டின்மேல் தூங்குகிறான்.

5. அஞ்சறைப் பெட்டி, திறந்தபடி. அது பாட்டியின் கல்யாணச் சீர்.

6. தெருமுனைப் பூக்காரம்மா முழம் போட்டுப் பூ அளக்கிறார். பூவிருந்தவல்லி என்று பெயர் கொண்ட ஊருக்கு அருகில் இருந்துகொண்டு பூக்காரரை விட்டுவிட முடியுமா? படம் தெளிந்ததும் அவர் அதை நெடுநேரம் பார்த்தார். ரேஷன் கார்டில் இருப்பதைத் தவிரத் தமக்கு வேறு படம் இல்லை என்றார். அதை அவருக்கே கொடுத்துவிட்டேன். எனவே என் கையில் இருப்பவை ஒன்பதே.

7. அப்பாவும் அம்மாவும் ஞாயிறு மாலை காபி குடிக்கிறார்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு இருவர் மட்டும் சேர்ந்திருக்கும் அச்சிட்ட படம் இது ஒன்றே.

8. ஜெபமாலை உருட்டும் பாட்டியின் கை. முகம் இல்லை.

9. ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் குடும்பம் முழுவதும். எடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா.

10. பாட்டி எடுத்த படம்.

எட்டாவது படத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாட்டிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. கைப்பேசியில் படம் காட்டினால், “பளபளன்னு ஒண்ணும் தெரியல கண்ணு” என்பார். இந்தச் சிறு தாளை வாங்கி, ஜன்னலோரம் சென்று, கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு, “இது எங்கம்மா கை மாதிரியே இருக்கு” என்றார். பாட்டியின் தாயாரை யாரும் ஒரு முறைகூடப் படம் எடுத்ததில்லை. அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் தாயாரின் கை எப்படி இருக்கும் என்பதை அன்று வீட்டிலுள்ள அனைவரும் முதன்முறையாகத் தெரிந்துகொண்டோம். அந்தப் படம் இப்போது பாட்டியின் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

பத்தாவது தாளை யாருக்கு வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டார்: “எல்லாரையும் புடிச்சியே கண்ணு, உன்னை யாரு புடிப்பாங்க?” காமிராவை அவரிடமே கொடுத்தேன். கை நடுங்க எடுத்தார். என் தலையில் பாதி இல்லை. பின்னால் துணிக்கொடி நன்றாகத் தெரிகிறது. பாட்டி என்னை எப்படிப் பார்த்தார் என்பதற்கு இந்த உலகில் இருக்கும் ஒரே சான்று அது. அதனால் வீட்டிலுள்ள படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

எடுக்கும் முறையும் காக்கும் முறையும்

உடனடிப் படம் எடுக்க விரும்பும் தோழியருக்குச் சில குறிப்புகள்:

படமெடுக்கும் முன் ஒளியைப் பார்க்க வேண்டும். சூரியனை நம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது எளிய வழி. உச்சி வெயிலில் கண்களுக்குக் கீழே நிழல் விழும். காலையும் மாலையும் நல்ல நேரம். வீட்டுக்குள் என்றால் ஜன்னலருகே அமரச் செய்யலாம். மிக அருகில் சென்றால் உருவம் மங்கும். காமிராவில் குறித்துள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும்.

வெளியே வந்த படத்தை விசிறி ஆட்டுவது பலரின் வழக்கம். அது தேவையில்லை. பழைய உரிக்கும் வகைப் படங்களை உலர்த்துவதற்காக வந்த பழக்கம் அது. இன்றைய படம் மூடிய தாளுக்குள் உருவாகிறது. ஆட்டினாலும் வளைத்தாலும் கெடவே வாய்ப்புண்டு. தட்டையாக வைத்து, வெயில் படாமல் மூடினால் போதும். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் படங்களின் நிறம் மாறிவிடும். பிலிம் பெட்டியைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். தாளை வெட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் காரப் பசை தோலையும் கண்ணையும் எரிக்கும்.

இன்ஸ்டாக்ஸ் மினி தாள் வங்கி அட்டை அளவுதான். ஆகவே கீழ்ப்பட்டையில் அழியாத மையால் பெயரும் நாளும் மட்டும் எழுதலாம். மற்ற விவரங்களை எண்ணிட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறைக்குப் பின் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

பாதுகாப்பது மிக முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. கட்டில் அடியிலும் பீரோவின் கீழ்த்தட்டிலும் வைத்த ஆல்பங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. படங்களை உயரமான தட்டில், உலர்ந்த பெட்டியில், ஒளி படாமல் வைக்க வேண்டும். உடனடிப் படத்துக்கு நெகட்டிவ் இல்லாததால், ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தோ கைப்பேசியில் படியெடுத்தோ இரண்டு இடங்களில் வைப்பது அறிவுடைமை. பழைய அச்சுப் படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது; சுத்தமான நீரில் மெல்ல நனைத்துப் பிரித்து, முகம் மேலாக நிழலில் உலர்த்த வேண்டும்.

முடிவுரை

இத்தனையும் படித்தபின், “எங்களிடம் உடனடிக் காமிரா இல்லையே, பிலிம் வாங்க வசதியும் இல்லையே” என்று சிலர் எண்ணலாம். கவலை வேண்டாம். இக்கருவி நமக்குக் கற்பிக்கும் பாடம் நான்கு சொற்களில் அடங்கும்: தேர்ந்தெடு, அச்சிடு, பெயரெழுது, கொடு. கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்திருந்தும் பாட்டியின் கையில் ஒன்றுகூட இல்லை என்றால் பயன் என்ன? மாதம் ஒரு படத்தைத் தேர்ந்து, அருகிலுள்ள ஸ்டூடியோவில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் எழுதி, அதற்குரியவரிடம் கொடுப்போம். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்கள். பத்து ஆண்டுகளில் ஒரு குடும்ப வரலாறு.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். எங்களைப் படம் எடுக்கும் நீங்கள் பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. தயவுசெய்து நீங்களும் நில்லுங்கள்.

தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்யும்போது ஆறாம் தலத்தில் புனித வெரோணிக்காவை நினைக்கிறோம். அவர் இயேசுவின் முகத்தைத் துடைத்த துணியில் ஆண்டவரின் திருமுகம் பதிந்தது என்பது மரபு. அதனால் புகைப்படக்காரர்களுக்கு அவரே பாதுகாவலர். வெரோணிக்கா படம் வேண்டி அங்கே செல்லவில்லை. துன்புறுகிற ஒருவரின் முகத்தைத் துடைக்கச் சென்றார். படம் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. நாமும் காமிராவை எடுக்குமுன் பாட்டிக்கு அரிசி பொறுக்கிக் கொடுப்போம். அம்மாவுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்போம். அவ்வாறு அருகிலிருந்து பார்க்கும் கண்ணுக்கே நல்ல படம் தெரியும்.

பொதுத்தேர்வு முடிந்ததும் நாம் பத்தாம் வகுப்பிலிருந்து பிரிந்து பல திசைகளுக்குச் செல்வோம். அதற்குமுன் ஒவ்வொரு வகுப்பும் ஓர் ஆல்பம் செய்து நம் பள்ளி நூலகத்துக்கு அளிக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை. வரிசையாக நிற்கும் குழுப் படம் எப்படியும் இருக்கும். அதனோடு, மரத்தடியில் சோறு பகிர்ந்து உண்டதும், கரும்பலகை துடைத்ததும், மணி அடிக்கும் அண்ணனும், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாவும், தேர்வுக்குமுன் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றியதும் அதில் இடம்பெறட்டும். பின்னாளில் இப்பள்ளிக்கு வரும் தங்கையர் அதைத் திறந்து, நாம் எப்படி வாழ்ந்தோம் என்று அறிந்துகொள்வார்கள்.